வளரும் நாட்டு விரல்கள்

மங்கோலியத் தலைநகர் ஊலான்பாத்தரின் விபத்து மருத்துவமனையில், குளிரில் உறைந்துபோன கைகால்களுக்கு வைத்தியம் பார்க்கும் பிரிவு மூன்றாம் மாடியில் இருந்தது. அதன் தலைமை மருத்துவர் சரந்தூயா. வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் அவள் ஏறி வரும் சத்தத்தைக் கேட்டே நர்சுகள் செல்போனை உள்ளே வைத்துவிடுவார்கள். அவளுக்குக் கோபம் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். அவளும் மறுத்ததில்லை.

உறைந்த விரலை வெந்நீரில் வைத்து இளக்கியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பிறகுதான் உள்ளே ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொள்கின்றன. விரல் சாவது அதனால். குழாயை விரித்துக்கொடுக்கும் மருந்து ஒன்றை டிரிப்ஸில் ஏற்றினால் விரல் பிழைக்கும். இது உலகத்துக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் ஒரு நாளுக்குள் ஏற்றிவிட வேண்டும், தாமதமானால் பயனில்லை என்று புத்தகங்கள் சொல்லின. சரந்தூயாவின் நோயாளிகளில் ஒரு நாளுக்குள் வந்து சேர்பவர்கள் குறைவு. ஆட்டைத் தேடிப் போய்ப் பனிப்புயலில் மாட்டிக்கொண்டவனை மறுநாள்தான் கண்டெடுப்பார்கள். வட்டார மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து தலைநகருக்கு வந்து சேரும்போது இரண்டு நாளோ மூன்று நாளோ ஆகிவிடும். புத்தகத்தை நம்பி அவனுடைய கையைக் கறுக்க விட அவளுக்கு மனம் வரவில்லை. மூன்றாம் நாளிலும் ஏற்றிப் பார்த்தாள். பிழைக்காது என்று எழுதி வைத்திருந்த விரல்கள் பிழைத்தன. ஒன்பது குளிர்காலம் விடாமல் இப்படிச் செய்து, நானூறு சொச்சம் பேரின் கைகளைப் படமெடுத்து, ஒப்பிட்டு, கட்டுரையாக எழுதினாள். தன் உதவி மருத்துவன் மியாக்மரையும் சேர்த்துக்கொண்டு, லண்டனிலிருந்து வரும் ஒரு பெரிய மருத்துவ இதழுக்கு அனுப்பினாள்.

அக்டோபர் கடைசியில் பதில் வந்தது. மியாக்மர்தான் முதலில் பார்த்தான். கேன்டீனில் உப்புப் போட்ட பால் தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் ஓடி வந்தான்.

"அக்கா, ஏத்துக்கிட்டாங்க."

அவள் அவனுடைய செல்போனை வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறுவதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எங்கடா ஏத்துக்கிட்டாங்க? பேரம் பேசுறாங்க," என்றாள்.

கேட்டவை மூன்று. முதலாவது தலைப்பு. 'உறைந்த விரல்களுக்குத் தாமதமாகத் தரப்படும் சிகிச்சை' என்று அவள் வைத்திருந்தாள். அதோடு 'கிழக்காசியாவின் வளரும் நாடு ஒன்றின் அனுபவம்' என்று சேர்க்க வேண்டுமாம். இரண்டாவது, கட்டுரை எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று அவர்களுடைய பட்டியலில் குறிக்க வேண்டும். மூன்றாவது, கடைசிப் பத்தியில் ஒரு வரி. 'இம்முடிவுகள் வளர்ந்த நாடுகளுக்குப் பொருந்தும் என்று கொள்ள இயலாது.'

"இந்த ரெண்டாவதுல ஒரு வேடிக்கை இருக்குக்கா," என்றான் மியாக்மர், அவளை எப்படியாவது சிரிக்க வைத்துவிடலாம் என்று. "கிழக்காசியான்னு போட்டேன். செவப்புல தப்புன்னு காட்டுது. அவங்க கணக்குப்படி நாம மேற்குப் பசிபிக்."

"மேற்கு என்னது?"

"பசிபிக் பெருங்கடல். நாம அதுல இருக்கோம்."

"தலைப்புல கிழக்காசியான்னு போடச் சொன்னதும் அவங்கதானே?"

"அது ஆசிரியர் குழு. இது கம்ப்யூட்டர்."

"சுத்தி நாலு பக்கமும் தரை. நான் கடலைப் பாத்ததே நாப்பது வயசுக்கு மேலதான். சரி, கடல்ல தள்ளணுமா, தள்ளிட்டுப் போகட்டும். அதை மாத்திக் குடுத்துடு." தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தாள். "தலைப்புல மட்டும் கை வைக்க விடமாட்டேன். அந்தக் கடைசி வரியும் வராது."

அதே இதழில் முந்தைய ஆண்டு வந்த ஒரு கட்டுரை அவள் மேஜையில் இருந்தது. ஆல்ப்ஸ் மலையோரத்து மருத்துவமனை ஒன்று எழுதியது. மலையேறிகளும் பனிச்சறுக்கு ஆடியவர்களுமாக மொத்தம் முப்பத்தேழு நோயாளிகள். தலைப்பு 'உறைந்த விரல்களைக் காப்பாற்றுதல்'. அவ்வளவுதான். நாட்டின் பெயர் இல்லை, பகுதி இல்லை, வசதி எவ்வளவு என்ற பேச்சு இல்லை. எங்களுடைய முடிவு மற்றவர்களுக்குப் பொருந்துமோ பொருந்தாதோ என்ற சந்தேகமும் இல்லை.

"பாரு," என்று, கூடவே அறைக்கு வந்த மியாக்மர் முன்னால் அதைப் போட்டாள். "அவங்க செஞ்சா ஆராய்ச்சி. நாம செஞ்சா அனுபவம். அவங்க விரல் மனுஷ விரல். நம்ம விரல் வளரும் நாட்டு விரல். வெட்டிப் பாத்தா உள்ள வேற ரத்தமா ஓடுது?"

"நீங்க சொல்றது நியாயம்தான்க்கா. ஆனா..."

"என்ன ஆனா?"

மியாக்மருக்கு வரும் ஏப்ரலில் ஜப்பானின் சப்போரோவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அதற்குமுன் பெரிய இதழ் ஒன்றில் அவன் பெயர் வந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவன் அதைச் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அன்றைக்கே பதில் எழுதினாள். ஆல்ப்ஸ் கட்டுரையின் தலைப்பை 'மேற்கு ஐரோப்பாவின் மிகவும் வசதியான சிறு நாடு ஒன்றின் அனுபவம்' என்று நீங்கள் திருத்தினால், எங்கள் தலைப்பையும் திருத்திக்கொள்கிறோம் என்று எழுதினாள்.

அனுப்பிவிட்டாள் என்று தெரிந்ததும் மியாக்மர் அவள் அறைக்கு வந்தான். அவளிடம் அவன் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"உங்களுக்குக் கோபப்பட வசதி இருக்குக்கா. நீங்க பிரிவுத் தலைவி. எனக்கு முப்பது வயசு. ரெண்டு அறை வீட்டுல ஆறு பேர் இருக்கோம். நாலு வார்த்தைதானே, போட்டுட்டுப் போனா என்ன?"

"நாலு வார்த்தையில்ல தம்பி. அந்த நாலு வார்த்தையப் பாத்ததும் படிக்கிறவன் பக்கத்தைத் திருப்பிடுவான். இது நமக்கில்ல, பாவம் அந்த ஊர்க்காரங்களுக்குன்னு."

"திருப்பட்டும். என் பேர் வந்துடும்ல."

அவள் மேஜையில் கிடந்த நோயாளிகளின் கோப்பை இழுத்துக்கொண்டாள். அவனும் கதவைச் சாத்திக்கொண்டு போனான். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் நோயாளிகளைப் பற்றி மட்டும்தான் அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

மருத்துவமனை இயக்குநர் லுவ்சான் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவளுக்கு ஐந்து வயது மூத்தவர். ஒரே கல்லூரியில் படித்தவர்கள்.

"நம்ம ஆஸ்பத்திரி பேரு வெளிய தெரியிற நேரத்துல என்ன பிடிவாதம் இது?" என்றார்.

"எங்கண்ணே நம்ம பேரு தெரியுது? 'வளரும் நாடு ஒன்று'. நமக்குப் பேருகூட இல்ல. 'ஒன்று'."

"கீழ மாடியில புது ஸ்கேன் மிஷின் இருக்கே, அது எப்படி வந்துச்சு? வளரும் நாடுன்னு நாமளே எழுதிக் குடுத்துதானே வந்துச்சு? அன்னைக்கு உனக்கு ரோஷம் வரலையே. ரிப்பன் வெட்டுறப்ப என் பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நின்ன."

அது உண்மை. அந்த மிஷினால் எத்தனை கைகளின் ரத்த ஓட்டத்தைப் பார்த்திருக்கிறாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"காசு கேக்குறப்ப எழுதிக்கோங்கண்ணே. நாம ஏழைங்கன்னா ஏழைங்கதான், அதுல வெக்கம் ஒண்ணுமில்ல," என்றாள் கடைசியில். "நாம கண்டுபிடிச்சதை ஏழைன்னு எழுதாதீங்க."

டிசம்பரில் இதழின் ஆசிரியரே வீடியோவில் பேசினார். டாக்டர் ஹார்வுட். நரைத்த தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருந்த பெண்மணி. நல்ல மரியாதையான பேச்சு. அவர் பின்னால் ஜன்னலில் பச்சையாக ஒரு மரம் தெரிந்தது. சரந்தூயாவின் ஜன்னலுக்கு வெளியே ஊரெல்லாம் எரியும் நிலக்கரி அடுப்புகளின் புகையில் எதிர்க் கட்டடம் தெரியவில்லை.

"உங்க உழைப்பை நாங்க ரொம்ப மதிக்கிறோம். 'வளரும் நாடு'ங்கிறது குறைச்சலான வார்த்தை இல்லைங்க. முன்னெல்லாம் இதைவிட மோசமா எழுதிக்கிட்டிருந்தாங்க. படிக்கிறவங்களுக்குச் சூழல் புரியணும், அதுக்காகத்தான்."

"ஆல்ப்ஸ் கட்டுரையைப் படிச்சவங்களுக்குச் சூழல் புரிய வேண்டாமா?"

"அங்க இருக்கிற வசதி எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எனக்குத் தெரியாதே. நான் அங்க போனதில்ல. நீங்க இங்க வந்திருக்கீங்களா?"

டாக்டர் ஹார்வுட் சிரித்தார். வந்ததில்லை, வர வேண்டும் என்று ஆசைதான் என்றார். குதிரைகளைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார்.

"ஒண்ணு கேக்கலாமா," என்றாள் சரந்தூயா. "நாங்க என்னைக்கு வளந்து முடிப்போம்? நான் பள்ளிக்கூடம் போறப்பவும் வளர்ந்துக்கிட்டுத்தான் இருந்தோம். என் பொண்ணு இப்ப வேலைக்குப் போறா. இன்னும் வளர்ந்துக்கிட்டே இருக்கோம். இதை யார் அளக்குறா?"

"அதை நாங்க முடிவு பண்றதில்லைங்க. பன்னாட்டு வகைப்பாடு இருக்கு, அதைத்தான் பின்பற்றுறோம்." கொஞ்சம் நிறுத்தி, "ஜனவரி முடியட்டும். நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க," என்றார்.

யோசிக்கச் சொன்ன அந்த ஜனவரியில்தான் ரேட்டோவும் தம்தினும் வந்தார்கள்.

ரேட்டோ சுவிட்சர்லாந்துக்காரன். நாற்பது வயதிருக்கும். உறைந்து கிடக்கும் ஹுவ்ஸ்குல் ஏரியின் மேல், தெற்கிலிருந்து வடக்குவரை சைக்கிளில் போகலாம் என்று வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் சாமான்களை ஏற்றிக்கொண்டு பழைய ருஷ்ய வேனில் போனவர் தம்தின். வழியில் புயல் பிடித்துக்கொண்டது. வேன் பனிக்கட்டியின் நடுவில் நின்றுபோனது. கையுறையோடு இன்ஜினில் கை வைக்க முடியாது. தம்தின் கையுறையைக் கழற்றினார். அவருக்கு உதவியாக நட்டுகளைப் பிடித்துக் கொடுக்க ரேட்டோவும் கழற்றினான். வேன் கிளம்பவே இல்லை. மறுநாள் மீனவர்கள் பார்த்து இருவரையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூரன் ஊர் மருத்துவமனையில் நான்கு கைகளையும் வெந்நீரில் இளக்கி, அடுத்த நாள் காலை விமானத்தில் தலைநகருக்கு அனுப்பினார்கள்.

பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருவரும் கிடந்தார்கள். சரந்தூயா நான்கு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே குளிர், ஒரே நேரம், ஒரே மாதிரிக் கொப்புளம். நகத்துக்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். ஸ்கேனில் பார்த்தபோது இருவருக்கும் விரல்களின் நடுக்கணுவோடு ரத்த ஓட்டம் நின்றிருந்தது. சொல்லப்போனால் தம்தினுடைய இடது கை இன்னும் கொஞ்சம் மோசம்.

"டிரிப்ஸ் போடலாம். ரெண்டு பேருக்கும், இப்பவே," என்றாள்.

தம்தின் கையை நீட்டினார். "போடு தங்கச்சி. வேன் எப்படியும் போச்சு. ஓட்டுறதுக்குக் கையாவது மிஞ்சட்டும்."

ரேட்டோ தயங்கினான். அவனுடைய காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் போயிருந்தது. அவர்கள் பேசும்வரை எந்தச் சிகிச்சையும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். மியாக்மர் நம்பரைப் போட்டுக் கொடுக்க, சரந்தூயாவே பேசினாள். மறுமுனையில் அந்த நிறுவனத்தின் மருத்துவர்.

"நோயாளியை எதுவும் செய்யாம வச்சிருங்க. கட்டு மட்டும் போதும். விமானம் அனுப்புறோம், சியோலுக்குக் கொண்டுபோக."

"எப்ப வரும்?"

"நாளைக்கு. இல்லேன்னா மறுநாள்."

"அதுக்குள்ள விரல் செத்துடும். மருந்து என் கையில இருக்கு. பக்கத்துக் கட்டில்ல ஒருத்தருக்கு ஏறிக்கிட்டு இருக்கு. இங்கேயே ஏத்துறேன், அப்புறம் எங்க வேணும்னாலும் கூட்டிக்கிட்டுப் போங்க."

"மன்னிக்கணும் டாக்டர். எங்க வழிகாட்டி நூல்படி உங்க நாட்டுல முதலுதவிக்கு மேல அனுமதிக்க முடியாது."

"அந்த நூலை எழுதினவருக்கு என்னைத் தெரியுமா?"

"தனிப்பட்ட முறையில எடுத்துக்காதீங்க. நாடுகளோட வகைப்பாடு, அவ்வளவுதான்."

அவள் போனை ரேட்டோவின் காதருகே பிடித்தாள். அவன் தன் மொழியில் வெகுநேரம் பேசினான். அவன் கண்கள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தன. பேசி முடித்துவிட்டு அவளிடம் சொன்னான். "டாக்டர், இங்க சிகிச்சை எடுத்தா அதுக்கப்புறம் என்ன ஆனாலும் அவங்க பொறுப்பில்லையாம். ஏதாவது தப்பாப் போனா என் வேலை, என் வீடு எல்லாம்..."

"சும்மா இருந்தாலும் தப்பாத்தான் போகும். அதை யாராவது சொன்னாங்களா?"

"அங்க நல்ல ஆஸ்பத்திரின்னு சொல்றாங்க."

"நல்ல ஆஸ்பத்திரிதான். நேரம் அங்க இல்ல, இங்க இருக்கு."

அவன் கெட்டவனில்லை. பயந்திருந்தான். தன் ஊரில் இருந்து வரும் குரலை நம்புவதா, புகை மண்டிய ஏதோ ஒரு நகரத்தில் நேற்றுவரை யாரென்றே தெரியாத ஒரு பெண்ணை நம்புவதா? விமானத்துக்குக் காத்திருக்கிறேன் என்றான்.

மறுநாள் காற்று. விமானம் இறங்க முடியவில்லை. சரந்தூயா காலையிலும் மதியமும் அவன் கட்டிலுக்குப் போய் நின்றாள். கெஞ்சுவது அவளுக்குப் பழக்கமில்லை. அன்றைக்குக் கெஞ்சினாள். பக்கத்துக் கட்டிலில் தம்தினின் விரல்நுனிகள் சாம்பல் நிறம் மாறிச் சிவக்கத் தொடங்கியிருந்தன. வலி தாங்காமல் முனகிக்கொண்டிருந்தார். வலி வருகிறதென்றால் உயிர் வருகிறது என்று அர்த்தம். ரேட்டோவுக்கு வலிக்கவில்லை.

"ஏம்பா," என்று தம்தின் தனக்குத் தெரிந்த நாலு ஆங்கில வார்த்தைகளைக் கோத்து அவனிடம் சொன்னார். "மருந்து நல்ல மருந்து. டாக்டர் நல்ல டாக்டர். நீ போட்டுக்கோ." ரேட்டோ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அழுகிறான் என்று தெரிந்தது.

அதற்கடுத்த நாள் மதியம் விமானம் வந்தது. சியோலுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட்வரை போன மியாக்மர், திரும்பி வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

மூன்று நாள் கழித்து சியோலிலிருந்து ஒரு மருத்துவர் கூப்பிட்டார். பியோ என்று பெயர். ஒரு மாநாட்டில் சரந்தூயா பேசியதைக் கேட்டிருக்கிறாராம்.

"சுவிட்சர்லாந்து நோயாளி எங்ககிட்ட இருக்கார். வந்த உடனே உங்க முறைப்படி டிரிப்ஸ் போட்டோம். நாலு நாள் தாண்டிருச்சு, பலனில்ல. ஒண்ணே ஒண்ணு புரியல. உங்ககிட்ட ரெண்டு நாள் இருந்திருக்கார். நீங்க ஏன் போடல?"

சரந்தூயா நடந்ததைச் சொன்னாள். "வருந்துறேன் டாக்டர்," என்றார் பியோ.

ரேட்டோவுக்குக் கட்டைவிரல் இரண்டும், வலது சுட்டுவிரலில் பாதியும் மிஞ்சின. தம்தினுக்குச் சுண்டுவிரல் நுனி ஒன்று மட்டும் போயிற்று.

காப்பீட்டு மருத்துவர் சொன்ன வழிகாட்டி நூலை மியாக்மர் தேடி எடுத்தான். பயணிகளுக்கான பன்னாட்டு மருத்துவ நூல் அது. ஒரு மத்தியானம் அதன் பக்கத்தை எடுத்துக்கொண்டு சரந்தூயாவின் அறைக்கு வந்தான். அத்தனை நாளுக்குப் பிறகு வேலையைத் தவிர வேறு விஷயத்துக்காக அவன் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

"படிக்கிறேன், கேளுங்கக்கா. 'கிழக்காசியாவின் வளரும் நாடுகளில் குளிர்க்காயங்களுக்கு அடிப்படை முதலுதவி மட்டுமே எதிர்பார்க்கலாம். நோயாளியை உடனே வளர்ந்த நாடு ஒன்றுக்கு மாற்றுக.' கீழ ஆதாரம் குடுத்திருக்காங்க. என்ன ஆதாரம்னு பாத்தேன். பதினோரு வருஷத்துக்கு முன்ன வந்த ஒரு கட்டுரை. நம்ம ஹார்வுட் அம்மாவோட இதழ்தான். மூணு பேர் எழுதியிருக்காங்க. அதுல மங்கோலியான்னு ஒரு வார்த்தைகூட இல்லக்கா. மூணு தெக்கத்தி நாட்டுல கேட்டு எழுதியிருக்காங்க. பனியே பெய்யாத நாடுங்க. அங்க குளிர்க்காயத்துக்கு வைத்தியம் சரியில்லையாம். இருக்குமா பின்ன? அதை அப்படியே கிழக்காசியா, வளரும் நாடுன்னு மொத்தமாக் கட்டி நம்ம தலையிலயும் வச்சுட்டாங்க."

அவன் அந்தப் பக்கத்தை அவள் முன்னால் வைத்தான். சரந்தூயா அவனையே பார்த்தாள்.

"நாலு வார்த்தைதானேன்னு சொன்னேன்," என்றான். "ரேட்டோவை லிஃப்டுல ஏத்துறப்ப என்னைப் பாத்து நன்றின்னு சொன்னாரு. எதுக்கு நன்றி? எழுதுங்கக்கா. ஒரு எழுத்து மாத்த வேண்டாம்."

"சப்போரோ?"

"அடுத்த வருஷமும் சப்போரோ அங்கேயேதான் இருக்கும்."

இருவரும் சேர்ந்து எழுதினார்கள். ரேட்டோவிடம் அனுமதி கேட்டபோது, அவன் குரல்பதிவாகவே பதில் அனுப்பினான். எழுதிக்கொள்ளுங்கள், என் பெயரையும் போடுங்கள் என்றான். ஒரே புயலில் ஒரே வேனின் பக்கத்தில் உறைந்த இரண்டு பேரின் கதையையும் டாக்டர் ஹார்வுட்டுக்கு எழுதினார்கள். உங்கள் இதழில் போட்ட ஒரு வகைப்பாடு எங்கள் மூன்றாம் மாடிவரை வந்து, ஒரு கட்டிலைத் தேர்ந்தெடுத்து, அதில் கிடந்தவனின் விரல்களை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. அதே வார்த்தைகளை எங்கள் கையாலேயே எங்கள் கட்டுரைக்கு மேல் எழுத முடியாது என்று முடித்தார்கள்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. நடந்தது மிகவும் வருத்தத்துக்குரியது என்றும், ஆனால் இதழின் பொது நடைமுறையை ஒரு கட்டுரைக்காக மாற்ற இயலாது என்றும், எனவே கட்டுரையைத் திருப்பி அனுப்புவதாகவும் இருந்தது. வேறு இடத்தில் வெளியாக வாழ்த்துகள் என்று ஒரு வரி. சரந்தூயா அதைப் படித்துவிட்டு அறுவை அறைக்குப் போனாள். அன்றைக்கு முழுக்க அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை.

கட்டுரையை வட நார்வேயிலிருந்து வரும் ஒரு சிறிய இதழ் போட்டது. அவர்கள் தலைப்பைத் தொடவில்லை. கேட்டதெல்லாம் வெந்நீரின் சூடு எவ்வளவு, எத்தனை நேரம் என்பதுதான். அதைச் சொன்னதும் நன்றி சொல்லிவிட்டு அச்சடித்துவிட்டார்கள். பெரிய இதழ் இல்லை என்பதால் சப்போரோ அந்த ஆண்டு மியாக்மரை எடுக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு போனான். ஏர்போர்ட்டில் சரந்தூயா அவனைக் கட்டிப்பிடித்து, "அங்க போய் வளர்ந்துட்டு வா," என்றாள். அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வழிகாட்டி நூலை எழுதியவர்களை அவள் விடவில்லை. நார்வே இதழின் கட்டுரையை அனுப்பினாள். ரேட்டோ தன் இரண்டு கைகளின் படத்தையும் சேர்த்து அவர்களுக்குத் தனியாக எழுதினான். பதில் இல்லை. மறுபடி அனுப்பினாள். அதற்கும் இல்லை. நாலாவது தடவை, 'உங்கள் கருத்தை வரவேற்கிறோம், புதிய பதிப்பில் மங்கோலியாவைக் கிழக்காசியப் பட்டியலிலிருந்து நீக்கியிருக்கிறோம்' என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. லுவ்சான் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். நர்சுகள் இறைச்சி வைத்துப் பொரித்த ஹூஷூர் வாங்கி வந்து, சூட்டோடு பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார்கள்.

புதிய பதிப்பு வந்தபோது சரந்தூயா மங்கோலியாவைத் தேடினாள். கிழக்காசியாவில் இல்லைதான். பத்துப் பக்கம் தள்ளி, மத்திய ஆசியா என்ற தலைப்பின் கீழ் இருந்தது. 'மத்திய ஆசியாவின் வளரும் நாடுகளில் குளிர்க்காயங்களுக்கு அடிப்படை முதலுதவி மட்டுமே எதிர்பார்க்கலாம்.' அதே வாக்கியம். கமாகூட மாறவில்லை. அவளுடைய கட்டுரை எங்கேயும் குறிப்பிடப்படவில்லை.

நூலை மூடி மேஜையின் ஓரத்தில் வைத்தாள். அது கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை. மறுநாள் துப்புரவு செய்ய வந்த பெண் எடுத்து ஜன்னலில் வைத்தாள்.

அந்தக் குளிர்காலம் தொடங்குமுன் சரந்தூயா ஒரு பக்கத்தில் கொஞ்சம் எழுதி, தெரிந்தவர்களைப் பிடித்து ஐந்தாறு மொழிகளில் மாற்றி வாங்கினாள். என்ன மருந்து, எந்த நேரத்துக்குள் ஏற்ற வேண்டும், ஏற்றினால் என்ன ஆகும், ஏற்றாவிட்டால் என்ன ஆகும், இதுவரை எத்தனை பேருக்கு ஏற்றியிருக்கிறோம் என்பது மட்டும் அதில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து யாராவது உறைந்த கையோடு வந்தால், காப்பீட்டுக்காரர்களுக்குப் போன் போடும் முன்னால் அதைக் கண்ணெதிரே பிடிக்க வேண்டும் என்று நர்சுகளிடம் சொல்லி வைத்தாள்.

பிப்ரவரிக்குள் இரண்டு பேர் வந்தார்கள். போலந்துக்காரி ஒருத்தி. படித்தாள், போனில் யாரிடமோ சண்டை போட்டாள், கையை நீட்டினாள். பத்து விரலோடு ஊருக்குப் போனாள். மற்றவன் ஒரு கனடாக்காரன். அவனும் படித்தான். இரண்டு தடவை படித்தான். பிறகு போனில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு விமானத்துக்குக் காத்திருந்து போய்விட்டான். அவனுடைய விரல்கள் என்ன ஆயின என்று சரந்தூயாவுக்குத் தெரியாது. எந்த ஊருக்குக் கொண்டுபோனார்கள் என்பதைக்கூட அவளிடம் யாரும் சொல்லவில்லை.